தண்டவாளத்தில் மின்சாரம் – 19: பல்சக்கரத்தைக் கழற்றிய கதை

சென்ற இதழில் கதையை 1979-ல் நிறுத்தியிருந்தோம். மேற்கு ஜெர்மனியின் 120 வரிசை மின்எஞ்சின் தண்டவாளம் ஏறிவிட்டது. 5,600 கிலோவாட் திறன், நான்கு தூண்டல் மோட்டார்கள், பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. கார்பன் தூளைத் துடைத்தே காலம் கழித்த ஷெட் ஆட்களுக்கு விடிவு வந்தது என்று எழுதியிருந்தேன். அது முக்கால்வாசிதான் உண்மை. மீதிக் கால்வாசி, இந்த வகை மோட்டார்களின் அச்சு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது: ஒரு பல்சக்கரமும், அதற்கு எதிரே விரல் பருமனில் ஒரு சென்சாரும்.

பார்த்தால் அப்பாவியான சாமான். சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் எதிரே கடக்கும்போது சென்சாரில் ஒரு துடிப்பு எழும். துடிப்புகளை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. ஆனால் அது குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். போகிக்குள், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே. (நம்மூரில் பெட்டியையே போகி என்கிறோம். நான் சொல்வது பெட்டிக்கு அடியில், சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு வளைவுகளில் திரும்பும் இரும்புச் சட்டத்தை.) தண்டவாள இணைப்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி. மழைக்காலத்தில் தண்ணீர், கோடையில் புழுதி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இரும்புத்தூள், சமயத்தில் தெறித்துவரும் ஜல்லி. சென்சாரின் சிக்னலைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் மெல்லிய கேபிள், போகி திரும்பும்போதெல்லாம் தானும் வளைய வேண்டும். அதுவும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் தடித்த கேபிள்களுக்குப் பக்கத்திலேயே. கனெக்டரில் கொஞ்சம் ஈரம் இறங்கினால் போதும், டன் கணக்கில் எடையுள்ள ரயிலின் இழுவை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளால் நின்றுபோகும்.

அப்படியானால் அதை ஏன் மாட்டினார்கள்?

தூண்டல் மோட்டாரின் குணம் அப்படி. அசையாத வெளிப்பாகமான ஸ்டேட்டரில் சுழலும் காந்தப்புலத்தை, உள்ளே சுற்றும் ரோட்டார் துரத்திக்கொண்டே இருக்கும், ஒருபோதும் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவையும் இருக்காது. நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். ரோட்டார் 1,485 சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 சுற்று வித்தியாசத்துக்குத்தான் ஸ்லிப் என்று பெயர். மோட்டாரின் முழு முறுக்குவிசையும் அந்த 15-க்குள் அடங்கியிருக்கிறது. வேகத்தை நூற்றில் ஒரு பங்கு தப்பாகக் கணித்தால், இழுவை இரண்டு மடங்காகலாம், அல்லது சுத்தமாக இல்லாமலே போகலாம்.

இந்த ஸ்லிப்பைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள இரண்டு ஜெர்மானியர்கள் இரண்டு வழி காட்டினார்கள். டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1969-ல் முனைவர் ஆய்வேட்டை முடித்த கார்ல் ஹாஸ்ஸே சொன்னது இது: ரோட்டாரின் வேகத்தை அள, வேண்டிய ஸ்லிப்பைக் கணக்குப் போட்டு அதோடு கூட்டு, புலம் எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும். சீமென்ஸில் இருந்த ஃபெலிக்ஸ் பிளாஷ்கே 1970-களின் தொடக்கத்தில் நேர்வழியைச் சொன்னார்: புலத்தையே அளந்துவிடு. ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் காற்றிடைவெளி இருக்கிறதே, அதற்குள் காந்தத்தை உணரும் ஹால் சில்லுகளை வைத்துப் பார்த்தார்கள். கொள்கையளவில் பிளாஷ்கேயின் வழிதான் அழகு. ஆனால் கொதிக்கும், அதிரும் அந்த இடுக்கில் சில்லுகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்த யாரும் தயாராக இல்லை. தொழிற்சாலைகள் ஹாஸ்ஸேயின் பக்கம் சாய்ந்தன. பல்சக்கரம் அச்சு முனையில் நிரந்தரமாகக் குடியேறியது இப்படித்தான்.

இனி அதைக் கழற்றும் கதை. அதற்கு முன் ஒரு போர்வெல்லை எட்டிப் பார்த்துவிடுவோம். 500 அடி ஆழத்தில் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. அதன் அருகே யாரும் போக முடியாது. மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் அம்மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்தே, “தண்ணி எறங்கிடுச்சு, நிறுத்து” என்கிறார் விவசாயி. தண்ணீர் குறைந்தால் பம்ப்பின் பாரம் குறையும், பாரம் குறைந்தால் ஆம்பியர் இறங்கும். கீழே நடப்பதை மோட்டாரே மூன்று ஒயர் வழியாக மேலே சொல்லி அனுப்புகிறது. சென்சார் இல்லாத கட்டுப்பாட்டின் மூலதனம் இந்த அம்மீட்டர் முள்தான். மற்றதெல்லாம் அதை எவ்வளவு நுட்பமாகப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1975-லேயே அபொண்டாண்டி, பிரென்னன் என்ற இருவர், மோட்டாரின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மட்டும் வைத்து ஸ்லிப்பைக் கணிக்கும் மின்னணுச் சுற்று ஒன்றை வெளியிட்டார்கள். 1983-ல் யோட்டன், மேடர் இருவரும் அதே இரண்டு அளவுகளை வைத்து விறுவிறுப்பான கட்டுப்பாடு சாத்தியம் என்று காட்டினார்கள். இரண்டும் நல்ல முயற்சிகள்தான். ஆனால் ரயிலுக்கு நேராக உதவிய திருப்பம் வேறொரு ஊரில் நடந்தது. ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள அந்த ஊரின் பெயர் போஹும். தமிழில் கொஞ்சம் அசந்தால் ‘போகும்’ என்றே எழுதிவிடுவோம். ரயில் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைக்காது.

ரூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மான்ஃப்ரெட் டெப்பன்பிராக்கின் முன் இருந்த சிக்கல் சென்சாரே அல்ல. நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் அன்றைய பெரிய ரயில் இன்வெர்ட்டர்கள், ஜி.டி.ஓ. தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்சுகளை நம்பி இருந்தன. அவை ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும், ஆனால் சோம்பேறிகள். நொடிக்குச் சில நூறு முறைக்கு மேல் அணைத்து ஏற்றினால் சூடேறிச் செத்துப்போகும். ஹாஸ்ஸே, பிளாஷ்கே வழியில் வந்த கட்டுப்பாடுகளோ இன்வெர்ட்டர் மின்னல் வேகத்தில் சொன்னபடி கேட்கும் என்று நம்பி எழுதப்பட்டவை.

டெப்பன்பிராக் இன்வெர்ட்டரின் பக்கம் நின்று யோசித்தார். இன்வெர்ட்டருக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையும் பிளஸ்ஸைப் பிடிக்கும், இல்லாவிட்டால் மைனஸைப் பிடிக்கும். ஆக எட்டே நிலைகள். அவற்றில் ஆறு நிலைகள் காந்தப் பாயத்தை, அதாவது அந்தச் சுழலும் புலத்தை, ஆறு திசைகளில் தள்ளும். மிச்சம் இரண்டும் தள்ளாமல் சும்மா நிற்கும். ஆறு திசையில் மட்டுமே நடக்கத் தெரிந்தவனை வட்டமாக நடக்கச் சொல்லி ஏன் வதைக்க வேண்டும்? அறுகோணமாக நடக்கட்டும் என்று விட்டார். பாயம் ஒரு பக்கத்தின் நுனியைத் தொட்டதும் அடுத்த திசைக்கு மாற்றம். முறுக்குவிசை வேண்டியதைவிட மிஞ்சினால் சும்மா நிலை: பாயம் அப்படியே நிற்கும், ரோட்டார் ஓடிவந்து நெருங்கும், விசை இறங்கும். கீழ் எல்லையைத் தொட்டதும் மறுபடி நடை. ஜி.டி.ஓ.வுக்கு வேலை குறைந்தது, விசையோ நினைத்த மாத்திரத்தில் மாறியது. 1984 அக்டோபரில் இதற்குக் காப்புரிமை கோரினார். பெயர் ‘நேரடித் தற்கட்டுப்பாடு’. ஏறத்தாழ அதே சமயம் ஜப்பானின் நாகாவோகாவில் தகாஹாஷியும் நொகுச்சியும், வட்டப்பாதையை விடாமல், இதற்கு உறவான ஒரு முறையை உருவாக்கி 1986-ல் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வாரிசைத்தான் 1995-ல் ஏ.பி.பி. நிறுவனம் தொழிற்சாலை மோட்டார்களுக்கான டிரைவாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அறுகோணத்தில் பாயம் எங்கே நிற்கிறது என்று தெரிய, ஸ்டேட்டருக்குக் கொடுத்த மின்னழுத்தத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே வந்தால் போதும். விசையைத் தெரிந்துகொள்ள அந்தப் பாயமும் மின்னோட்டமும் போதும். இந்தக் கணக்கில் அச்சின் வேகம் எங்கேயுமே வரவில்லை! டெப்பன்பிராக் பல்சக்கரத்தைக் கழற்றப் புறப்படவில்லை. வேறொரு வேலையாகப் போனவர், அதற்கு வேலையில்லாமல் செய்துவிட்டு வந்தார். 1992-ல் பாடர், டெப்பன்பிராக், கியர்ஸே மூவரும் எழுதிய கட்டுரை, வேகத்தை அளக்காமலே வேகத்தைக் கட்டுப்படுத்த இம்முறை அடித்தளமாகும் என்று தலைப்பிலேயே சொன்னது.

ஓடும் ரயிலுக்கு இது பொருந்தியது. ஊர்ந்து கிளம்பும் ரயிலுக்குப் பொருந்தவில்லை.

மளிகைக் கடைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் வரவைக் கூட்டிக்கொண்டே போகிறார் கடைக்காரர். நாளுக்கு ஒரு ரூபாய் தப்பு விழுகிறது. லட்ச ரூபாய் வியாபாரம் நடக்கும் மாதத்தில் அது தெரியாது. கடை படுத்துக்கிடக்கும் மாதத்தில் அந்தத் தப்பே பெரிய கணக்காகிவிடும். பாயத்தைக் கூட்டிக் கணக்கிடுவதும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸில் 1,000 வோல்ட் எதிர்மின்னழுத்தம் எழுப்பும் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரை ஹெர்ட்ஸில் அது 10 வோல்ட்தான் எழுப்பும். சுருளின் மின்தடை 0.1 ஓம், ஓடுவது 150 ஆம்பியர் என்றால் தடையிலேயே 15 வோல்ட் போய்விடுகிறது. நமக்கு வேண்டிய சேதி 10 வோல்ட், அதைச் சூழ்ந்திருக்கும் இரைச்சல் 15. போதாக்குறைக்குச் செம்பு சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறும். 100 டிகிரி கூடினால் சுமார் 40 விழுக்காடு. காலையில் ஷெட்டை விட்டு வெளியே வந்த மோட்டாரும், மத்தியானம் மேடேறி வந்த மோட்டாரும் இந்தக் கணக்குக்கு வேறு வேறு மோட்டார்கள். இன்வெர்ட்டரின் மின்னணுச் சுவிட்சுகள் தங்கள் பங்குக்கு இரண்டு மூன்று வோல்ட்டை விழுங்கும்.

ஆகவே 1990-களின் உழைப்பெல்லாம் இந்தத் தாழ்ந்த வேகத்தில் குவிந்தது. காலின் ஷாடர் 1989-ல் ஒரு தந்திரம் செய்தார். மோட்டாரைப் பற்றி இரண்டு கணக்குகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டார். ஒன்றில் வேகம் வராது, மற்றொன்றில் வேகம் வரும். இரண்டு விடையும் ஒத்துப்போகும்வரை இரண்டாவது கணக்கின் வேகத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்துப்போன இடத்தில் இருப்பதுதான் உண்மையான வேகம். 1993-ல் குபோட்டா, மட்சுசே, நகானோ என்ற மூன்று ஜப்பானியர்கள், தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் கணிப்பானை ஒரு சிக்னல் செயலிச் சில்லுக்குள் அடக்கிக் காட்டினார்கள். பத்தாண்டு முன்னால் இந்தக் கணக்குகளைப் போட ஓர் அலமாரி நிறையச் சுற்றுகள் வேண்டியிருந்திருக்கும். சில்லின் விலை இறங்கியதில்தான் இந்த வரலாற்றின் பாதி இருக்கிறது.

பரிசோதனைச் சாலையில் மேசைமீது ஓடும் மோட்டாருக்கு வராத தொல்லைகள் ரயிலுக்கு உண்டு. வேகம் பிடித்த ரயில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் சும்மா உருண்டு போகும். அப்போது இன்வெர்ட்டர் அணைந்திருக்கும், மோட்டாரில் காந்தம் இருக்காது, அது பேச வாயில்லாத நிலை. 80 கிலோமீட்டர் வேகத்தில் லோகோ பைலட் மறுபடி கைப்பிடியைத் தள்ளுகிறார். ரோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது? தப்பான அதிர்வெண்ணில் மின்சாரம் கொடுத்தால் மின்னோட்டம் சீறும், ரயில் உதறும். அதனால் முதலில் சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, மோட்டார் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்து, வேகத்தைத் தேடிப் பிடித்த பிறகே முழு மின்சாரம். கண்ணை மூடிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் ஏறுவதற்குச் சமமான இந்த வேலையை இன்வெர்ட்டர் நொடிக்குள் முடிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை கூட்டுக் குடித்தனம். செலவை மிச்சம் பிடிக்க ஒரே இன்வெர்ட்டரில் இரண்டு, நான்கு மோட்டார்களை இணையாகக் கட்டுவார்கள். இன்வெர்ட்டர் கேட்பது நான்கின் கலவைக் குரலை. ஒரு சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் வழுக்கினால் அந்தக் குரல் மற்ற மூன்றில் அமுங்கிவிடும். சக்கர விட்டமும் தேய்மானத்தால் வேறுபடும். ஒன்று 840 மில்லிமீட்டர், இன்னொன்று 832 என்றால் சுழற்சியில் கிட்டத்தட்ட ஒரு விழுக்காடு வித்தியாசம். ஸ்லிப்பே ஒரு விழுக்காடுதானே? சின்னச் சக்கரத்து மோட்டார் இழுக்காமலே கூட ஓடும், பெரிய சக்கரத்து மோட்டார் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். இதற்காகவே கூட்டாக ஓடும் மோட்டார்களைக் கொஞ்சம் அதிக ஸ்லிப் வரும்படி வடிவமைப்பதுண்டு.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக என்ன கிடைத்தது? கோளாறாகும் ஒரு பொருள் ஒழிந்தது. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது இடம். சக்கரங்களுக்கு நடுவே கிடைக்கும் அகலத்துக்குள்தான் மோட்டார் படுத்திருக்க வேண்டும். 1,067 மில்லிமீட்டர் பாதை ஓடும் ஜப்பானில் அந்த அகலம் பொன்னுக்குச் சமம். சென்சார் பிடித்திருந்த சில சென்டிமீட்டர் இரும்புக்கும் செம்புக்கும் திரும்பிவந்தால், அதே இடத்தில் பெரிய மோட்டார். 2000-க்குப் பிறகு ஜப்பானியப் புறநகர் ரயில்களில் இந்த முறை வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். மெதுவான ஓட்டத்தில் பல்சக்கரமும் பெரிய சூரன் அல்ல. 60 பல் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றினால் நொடிக்குப் பத்துத் துடிப்புத்தான் வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தில் ஒரு நொடி, கட்டுப்பாட்டுக்குச் சேதியே கிடையாது. வழுக்கத் தொடங்கும் சக்கரத்துக்கு அது நெடுநேரம்.

(ஜப்பானைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கிளைக்கதை. 1998-ல் வந்த கெய்க்யூ நிறுவனத்தின் 2100 வரிசை ரயில் அந்நாளில் கிளம்பும்போது ஸ்வரம் பாடியது. சீமென்ஸ் இன்வெர்ட்டரின் சுவிட்சு அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றும்போது எழும் ஒலியை, காதுக்கு இதமான இடைவெளிகளில் அமைத்துவிட்டார் யாரோ ஒரு ரசிகப் பொறியாளர். அதைக் கேட்கவே நடைமேடையில் நிற்பவர்கள் இருந்தார்கள்.)

கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் இடம்: பூஜ்யம். அது எங்கே வருகிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மேட்டில் ரயில் நிற்கிறது. பிரேக்கைத் தளர்த்தி இழுவை கொடுக்கிறார்கள். இழுவை போதுமான அளவுக்கு ஏறும் முன் ரயில் கொஞ்சம் பின்னால் உருள்கிறது. மோட்டார் முன்பக்கம் இழுக்க அரை ஹெர்ட்ஸ் ஸ்லிப் வேண்டும். ரோட்டாரோ பின்பக்கம் அரை ஹெர்ட்ஸில் சுற்றுகிறது. இரண்டையும் கூட்டினால் ஸ்டேட்டருக்குக் கொடுக்க வேண்டிய அதிர்வெண் சரியாகப் பூஜ்யம், அதாவது வெறும் நேர்மின்னோட்டம். நான்கு துருவ மோட்டார், ஐந்துக்கு ஒன்று கியர், 860 மில்லிமீட்டர் சக்கரம் என்று கணக்குப் போட்டால், ரயில் நொடிக்கு 13 சென்டிமீட்டர் பின்னால் நகரும்போது இது நடக்கிறது. குழந்தை தவழும் வேகம். அங்கே மோட்டார் ஒழுங்காக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நிலைத்து நிற்கும் புலம் ஸ்டேட்டரில் எதையும் தூண்டாது. ஸ்டேட்டர் பக்கம் தெரிவதெல்லாம் மின்னோட்டமும் செம்பின் தடையும் மட்டுமே. ரோட்டார் எந்த வேகத்தில் சுற்றினாலும் வெளியே அதே காட்சி. எவ்வளவு கெட்டிக்காரக் கணக்கானாலும் இல்லாத சேதியைப் படிக்க முடியாது.

இந்தப் பூஜ்யத்தோடு மல்லுக்கட்டியவர்களின் வரிசையில் ஒரு பழைய பெயர் வருகிறது. 1996-ல், பாயத்தின் அதிர்வெண் பூஜ்யமாக இருக்கும்போதும் சென்சார் இல்லாமல் புலத்தைக் கண்டுபிடிப்பது பற்றி மூவர் எழுதிய கட்டுரையின் முதல் பெயர் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே. காற்றிடைவெளிக்குள் சில்லை வைத்துத் தொடங்கியவர், கால் நூற்றாண்டு கழித்துச் சில்லே இல்லாமல் அதே கேள்விக்குத் திரும்பியிருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான்செனும் லோரன்ஸும் வேறு பாதையில் போனார்கள். வேகமாக அதிரும் ஒரு சின்னச் சிக்னலைக் கூடுதலாக மோட்டாருக்குள் அனுப்பி, அதன் எதிரொலியில் ரோட்டாரின் நிலையைப் படித்தார்கள். எதிரொலி தெளிவாகக் கேட்க ரோட்டாரின் காடிகளை ஒரே மாதிரி வைக்காமல் சற்றே மாற்றிச் செய்ய வேண்டும். தொங்குரயில் ஓடும் வுப்பெர்டால் நகரத்துப் பேராசிரியர் யோவாகிம் ஹோல்ட்ஸோ கணக்கையே சுத்தம் செய்தார். சுவிட்சுகள் விழுங்கும் வோல்ட், அளவியின் நழுவல், சுருளின் தடை எல்லாவற்றையும் ஓடும்போதே திருத்திக்கொண்டு, பூஜ்யத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று 2003-ல் காட்டினார்.

ரயில்காரர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருந்தது: பூஜ்யத்தில் நிற்காதே. முறுக்குவிசையைக் குறைக்காமல் பாயத்தை மட்டும் குறைத்தால், அதே விசைக்கு ஸ்லிப் அதிகம் வேண்டும். அரை ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் முக்கால் ஹெர்ட்ஸ். அதிர்வெண் பூஜ்யத்தை விட்டு விலகிவிடும், மோட்டார் மறுபடி பேசத் தொடங்கும். மின்னோட்டம் கொஞ்சம் ஏறும், மோட்டார் கொஞ்சம் சூடாகும். ரயில் பின்னால் உருளும் அந்த ஓரிரு நொடிக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கணிதத்தால் உடைக்க முடியாத சுவரைச் சுற்றிக்கொண்டு போகும் ஷெட் மூளை இதில் தெரிகிறது.

பல்சக்கரம் உலகத்தைவிட்டே போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டே ஓடும் ரயில்கள் பல. பிரேக்குக்குத் தனியாக அச்சு வேகம் அளக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இந்தச் சண்டை ஓய்ந்துகொண்டிருந்தபோதே மோட்டாரின் ஜாதகம் மாறத் தொடங்கியது. 2010-ல் டோக்கியோ மெட்ரோவின் 16000 வரிசை ரயில்கள் ரோட்டாருக்குள் நிரந்தரக் காந்தத்தோடு வந்தன. அதில் ஸ்லிப் கிடையாது. ஆனால் வேகம் மட்டும் தெரிந்தால் போதாது, காந்தத்தின் வடமுனை இந்த நொடியில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் தெரிய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அது சும்மா இராது, உருளும்வரை தானே வோல்ட் எழுப்பிக்கொண்டிருக்கும். அதை அடுத்த இதழில் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)